சூவா, டொனால்டா? கல்லூரி ஃபுட்பாலின் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களை எடைபோடும் முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிற தமிழ் வீடுகள் இப்போது கூடிவிட்டன. பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனார்களோ அந்த ஊர் அணி நமக்கும் சொந்த அணி ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மகள் குடும்பம் நெப்ராஸ்காவில், மகன் பிட்ஸ்பர்க்கில். மாப்பிள்ளையைக் கேட்டால் என்டமுகாங் சூவைப் போல ஒரு தடுப்பாட்டக்காரர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பார். மகனுக்கு ஆரன் டொனால்ட். இருவரும் எண்களை மாற்றி மாற்றி அள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் "அத்தை, நீங்களே சொல்லுங்க", "அம்மா, நீயே சொல்லும்மா" என்று பஞ்சாயத்தைக் கோத்தகிரிக்குத் தள்ளிவிடுவார்கள்.

நான் ரிட்டயரான பி.டி. டீச்சர். மலையில் பள்ளி மைதானம் என்றால் ஒரு பக்கம் சரிவுதான். பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். அதனால் பெண் பிள்ளைகளுக்குக் கபடியைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தேன். ரைடரின் காலைப் பிடிக்கிற கார்னருக்குத்தான் புள்ளிப் பட்டியலில் பெயர் ஏறும். அவள் தப்பி ஓட இருந்த வழியில் போய் நின்று, அந்தக் கார்னரின் பக்கமாகத் திருப்பிவிட்ட கவர் ஆட்டக்காரிக்கு ஒன்றும் கிடைக்காது. ஃபுட்பாலின் முன்வரிசையிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய உடம்புகளோடு. சண்டை போடுகிறவர்கள் பட்டியலைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். எதிரணி இந்த ஆளைச் சமாளிக்க என்ன செலவு செய்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில், யார் எங்கே நிற்கிறார்

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி, அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். நடுவில் குனிந்திருக்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். சென்டருக்கு இரு பக்கமும் ஒரு கார்டு, அதற்கு வெளியே ஒரு டேக்கிள், ஆக ஐந்து பேர், பந்தை வாங்கி எறியும் தங்கள் குவார்ட்டர்பேக்கைக் காக்க நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே கையை ஊன்றி நிற்கும் மூன்று நாலு பேர்தான் நம் ஆட்கள். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை வீழ்த்தினால் அது சாக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை.

நிற்கும் இடத்துக்குப் பயிற்சியாளர்கள் எண் வைத்திருக்கிறார்கள். சென்டரின் மூக்குக்கு நேர் எதிரே நின்றால் பூஜ்யம். கார்டின் வெளித்தோள் பக்கம் நின்றால் மூன்று. டேக்கிளின் வெளித்தோள் பக்கம் ஐந்து. அதற்கும் வெளியே, ஓரத்தில் ஒன்பது. பூஜ்யத்தில் நிற்பவரையும் ஒன்பதில் நிற்பவரையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. ஓரத்தில் நிற்பவருக்கு ஓட இடம் உண்டு, பெரும்பாலும் எதிரே ஒரே ஆள். நடுவில் நிற்பவருக்கு மூச்சுவிட இடமில்லை, இரண்டு பக்கமிருந்தும் கை வரும்.

ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை அடி உயரம், சுமார் 155 கிலோ. 2021 சீசன் முழுவதும் அவர் கணக்கில் 32 பிடிகள் (பந்தோடு வருகிறவரைப் பிடித்து வீழ்த்துவது), 2 சாக். எண்ணை மட்டும் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் என்று நினைப்பீர்கள். அதே வருடம் சிறந்த உள்வரிசைக்காரருக்கான அவுட்லண்ட் விருதும் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதும் அவருக்குத்தான். அவர் நடுவில் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருந்ததால் பின்னால் நின்றவர்கள் தடையில்லாமல் ஓடிப் பிடித்தார்கள். ஜார்ஜியா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.2 புள்ளிதான் கொடுத்தது, அலபாமாவை 33-18 என்று வென்று பட்டத்தையும் எடுத்தது. அந்தத் தடுப்பு அணியிலிருந்து மட்டும் ஐந்து பேர், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில், 2022-ல் முதல் சுற்றிலேயே போனார்கள். எதிரணி எறியத்தான் போகிறது என்று தெரிந்த நேரங்களில் டேவிஸை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை குறை சொல்வார். குறைதான், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பந்தை விட்டுவிடுங்கள்

இதுதான் கடினம். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், நம் கண்ணும் கூடவே ஓடும். ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். பழைய ஆட்டங்கள் முழுதாக யூடியூபில் நிறையக் கிடக்கின்றன. வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு வரி. அவர் மீது எத்தனை பேர் கை வைத்தார்கள்: ஒன்றா, இரண்டா, மூன்றா. ஆட்டம் தொடங்கிய கோட்டிலிருந்து அவர் முன்னே போனாரா, அங்கேயே நின்றாரா, பின்னே தள்ளப்பட்டாரா. பந்து அவர் பக்கம் வந்ததா, விலகிப் போனதா. இந்த மூன்று போதும். இரண்டு பேர் தள்ளியும் அங்கேயே நின்றவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ஒரே ஆள் எதிரே இருந்தும் பின்னே போனவருக்கு, அன்று அவர் வேறு எங்கோ இரண்டு சாக் எடுத்திருந்தாலும், அந்த வரியில் முட்டைதான்.

கைகளை உற்றுப் பாருங்கள். ஸ்னாப் ஆன அரை நொடிக்குள் யாருடைய கை எதிராளியின் நெஞ்சுக்குள் முதலில் போகிறது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். உள்ளங்கை நெஞ்சில் பதிந்து, முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேல் நோக்கி இருந்தால் எதிராளியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். கை வெளிப்பக்கமாகப் போய்விட்டால் தோளை அணைத்துக்கொள்ளத்தான் முடியும். தடுக்க வந்தவர் அப்படி அணைத்து இழுத்தால் ஹோல்டிங், பத்து கஜம் அபராதம். ஓர் ஆள் எதிரணியை எத்தனை முறை இப்படி அபராதம் கட்ட வைத்தார் என்பது அவர் பெயரில் எந்தப் பட்டியலிலும் ஏறாது. உங்கள் நோட்டில் ஏறட்டும்.

அடுத்தது இடுப்பு. முதல் கால்பகுதியில் எல்லோரும் தாழ்ந்துதான் புறப்படுவார்கள். நாலாவது கால்பகுதியில் முழங்கால் நிமிர்ந்து இடுப்பு மேலே வந்துவிட்டால் அந்த ஆள் களைத்துவிட்டார் என்று அர்த்தம், அதற்குப் பிறகு கார்டுகள் அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பெரிய ஆட்டக்காரர்களின் நாலாவது கால்பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். அப்படிப் பார்க்க நான் சொல்வது 2009 அக்டோபரில் மிசூரியில் கொட்டுகிற மழையில் நெப்ராஸ்கா ஆடிய ஆட்டம். மூன்று கால்பகுதி பின்தங்கியிருந்த அணி கடைசியில் 27-12 என்று வென்றது. அந்த நாலாவது கால்பகுதியில்தான் சூ எதிரணியின் எறிதலைத் தானே பிடித்து எடுத்துக்கொண்டு ஓடினார். கிட்டத்தட்ட 140 கிலோ ஆள், ஈரப் பந்து.

காலக் கணக்கு

பழைய ஆளையும் புதிய ஆளையும் பக்கத்தில் வைக்கும்போது எண்கள் நம்மை ஏமாற்றும். தடுப்பாட்டப் புள்ளிவிவரங்களை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதிகாரபூர்வமாக எடுக்கத் தொடங்கியதே 2000-ல்தான். அதனால்தான் ஒரு சீசன் சாக் சாதனை அரிசோனா ஸ்டேட்டின் டெரெல் சக்ஸ் 2002-ல் எடுத்த 24 என்று பதிவாகியிருக்கிறது. அலபாமாவின் டெரிக் தாமஸ் 1988-லேயே 27 எடுத்தார், ஆனால் அது அந்தப் பதிவேட்டில் சேராது. (தாமஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர், நம் வரிசை இல்லை. கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டத்தான் சொன்னேன்.)

ஆட்டங்களின் எண்ணிக்கையும் மாறிவிட்டது. மிச்சிகன் ஸ்டேட்டின் பப்பா ஸ்மித் காலத்தில் சீசனுக்குப் பத்து ஆட்டம். இப்போது பன்னிரண்டு, அதற்கு மேல் பட்ட ஆட்டம், சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டம் எல்லாம். பவுல் ஆட்ட எண்கள் சீசன் கணக்கில் சேர்ந்தது 2002 முதல். முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆட அனுமதி வந்தது 1972-ல். ஆகவே மொத்தத்தை ஒப்பிடாதீர்கள், ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துவிடுங்கள். சக்ஸின் 24 பதினாலு ஆட்டங்களில் வந்தது, ஆட்டத்துக்கு 1.7. ஒஹையோ ஸ்டேட்டின் சேஸ் யங் 2019-ல் பன்னிரண்டு ஆட்டங்களில் 16.5, ஆட்டத்துக்குச் சுமார் 1.4. மொத்தத்தில் ஏழரை சாக் தள்ளி நிற்கும் இருவர், வகுத்துப் பார்த்தால் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் எதிரணிகள் ஆடும் விதம். எழுபதுகளில் பெரிய அணிகள் பல பந்தை எறியவே யோசிக்கும், ஓட்டம் ஓட்டம் என்றே போகும். 1971-ல் ஓக்லஹோமா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 472 கஜம் ஓடியே எடுத்தது. அந்த அணியை எதிர்த்து அந்த வருடம் நன்றி தெரிவிக்கும் நாளன்று நெப்ராஸ்கா ஆடியது. நடுவில் நின்றவர் ரிச் குளோவர். அவருக்கு எதிரே நின்ற சென்டர் டாம் பிராஹானி, நாட்டின் சிறந்தவர்கள் பட்டியலான அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானவர். குளோவர் அன்று ஒரே நாளில் 22 பிடிகள் போட்டார், நெப்ராஸ்கா 35-31 என்று வென்றது.

மேலே டேவிஸுக்கு ஒரு சீசன் முழுவதும் 32 என்று பார்த்தோம். குளோவருக்கு ஒரே நாளில் 22. இருவரும் நடுவில் நிற்பவர்கள். அதனால் குளோவர் பல மடங்கு பெரியவர் என்று சொல்லிவிட முடியுமா? ஓக்லஹோமா அன்று திரும்பத் திரும்ப ஓட்டத்தையே நம்பியது, குளோவருக்குக் கை நிறைய வேலை இருந்தது. டேவிஸ் காலத்து அணிகள் அவர் நிற்கும் நடுப்பகுதியைக் கண்டாலே பந்தை ஓரத்துக்கு எறிந்துவிடும். எதிரணி அவரிடம் போகவே இல்லை என்றால் பிடி எங்கிருந்து வரும்? ஆக, ஒவ்வொருவரும் தன் காலத்துச் சக ஆட்டக்காரர்களைவிட எவ்வளவு மேலே நின்றார் என்று மட்டும் கேளுங்கள். குளோவர் 1972-ல் அவுட்லண்ட், லம்பார்டி விருதுகளை வாங்கினார், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டில் மூன்றாவதாக வந்தார். இந்தத் தராசில் என் கணக்குப்படி டேவிஸைவிட அவர் ஒரு படி மேல். ஆனால் 22 என்ற எண்ணுக்காக அல்ல.

கோப்பை, பக்கத்து ஆள், பின்னாள் வாழ்க்கை

கோப்பைகளை எண்ணுவது சோம்பேறி வேலை. அவுட்லண்ட் 1946-ல் வந்தது, உள்வரிசைக்காரர்களுக்கு, அதாவது வரிசையின் நடுப்பக்கம் நிற்பவர்களுக்கு. அது தாக்கும் அணியின் கார்டுக்கும் போகலாம், ஓரத்தில் நிற்பவருக்குப் பொதுவாகப் போகாது. லம்பார்டி 1970-ல்தான், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நகர்ஸ்கி 1993-ல். பப்பா ஸ்மித்தின் அலமாரியில் லம்பார்டி இல்லை என்று சொல்வதில் பொருளே இல்லை, அவர் படித்து முடிக்கும்போது அந்த விருதே கிடையாது. ஹைஸ்மன் எப்படியும் பந்து கையில் இருப்பவர்களின் விருது. 2009-ல் அதில் சூ நாலாவது, டெக்சாஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் மூன்றாவது. அந்த டிசம்பர் 5 அன்று, இரண்டு அணிகளும் ஆடும் பிக் 12 என்ற லீக்கின் இறுதி ஆட்டத்தில் மெக்காயை சூ நாலரை முறை வீழ்த்தினார். ஒருமுறை ஒற்றைக் கையால் சுழற்றிப் போட்டார். மொத்தம் 12 பிடி, அதில் 7 கோட்டுக்குப் பின்னாலேயே. டெக்சாஸ் தப்பியது கடைசி நொடியில்: கடிகாரம் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்க, நடுவர்கள் ஒரு நொடியைத் திருப்பிப் போட்டார்கள், 46 கஜ உதை உள்ளே போனது, 13-12. இப்படி உருட்டப்பட்டவர் உருட்டியவருக்கு ஒரு படி மேலே இருக்கிறார் என்றால் அந்த ஓட்டை நான் எப்படி மதிப்பேன்!

பக்கத்தில் யார் நின்றார் என்று கட்டாயம் பாருங்கள். 1973-ல் ஓக்லஹோமா வரிசையில் செல்மன் சகோதரர்கள் மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள்: லூசியஸ், டூயி, லீ ராய். அப்படி ஒரு வரிசையில் எதிரணி யாரை இரட்டையாக மடக்கும்? பிறகு 1974, 1975 இரண்டு பட்டங்கள், 1975-ல் லீ ராய்க்கு அவுட்லண்ட், லம்பார்டி. நல்ல துணை இருந்தால் வேலை எளிது, ஆனால் பங்கும் பிரியும். 2021-ல் மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சன் 14 சாக் எடுத்தபோது மறுபுறம் டேவிட் ஓஜாபோ 11 எடுத்தார். துணையில்லாத ஆளின் சாக்குக்கு நான் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்பேன்.

சவுத் கரோலினாவின் ஜடேவியன் கிளவுனி கதை எதிர்ப்புறம். 2012-ல் 13 சாக், 2013-ல் மூன்றே மூன்று. ஊரே அவரைச் சோம்பேறி என்றது. அந்த 2013 ஆட்டங்களில் எதையாவது நோட்டு வைத்துப் பாருங்கள். பந்து எந்தப் பக்கம் போகிறது என்ற பத்தியே பதில் சொல்லிவிடும்.

கல்லூரிக்குப் பிறகு வரும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) வாழ்க்கையை உள்ளே விடாதீர்கள். வாஷிங்டனின் ஸ்டீவ் எம்ட்மன் 1991-ல் தோல்வியே காணாத அணியின் நடுவில் நின்றவர், ஹைஸ்மன் ஓட்டில் நாலாவது, அடுத்த டிராஃப்டில் முதல் ஆள். பிறகு காயங்கள் அவரை முடக்கிவிட்டன. அதற்காக 1991-ஐக் குறைக்க முடியாது.

ஒரே வருட உச்சமா, பல வருட உழைப்பா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். நான் சிறந்த ஒரு சீசனை முதலில் வைத்து, சமமாக இருந்தால் மட்டும் மற்ற வருடங்களைப் பார்ப்பேன். ஓரத்து ஆட்களில் இரண்டிலும் நிற்பவர் பிட்ஸ்பர்க்கின் ஹியூ கிரீன். மூன்று முறை அகில அமெரிக்க அணி, 1980 ஹைஸ்மனில் இரண்டாவது. இதில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை.

மாப்பிள்ளைக்கும் மகனுக்கும் தீர்ப்பு

சூ, 2009: பதினாலு ஆட்டத்தில் 12 சாக். டொனால்ட், 2013: பதின்மூன்று ஆட்டத்தில் 11. வகுத்தால் 0.86, 0.85. ஒரு சாக்கில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம், இதை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. இருவரும் உள்வரிசை. டொனால்ட் ஆறடி ஓர் அங்குலம், 129 கிலோ, அந்த இடத்துக்குச் சிறிய ஆள். அதிலும் கோட்டுக்குப் பின்னால் 28.5 பிடி என்பது மலைக்க வைக்கிற எண். பிட்ஸ்பர்க் அந்த வருடம் ஏழு வெற்றி, ஆறு தோல்வி, பெரிய துணையும் இல்லை. மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இருவருக்கும் கொடுத்த வேலை வேறு. டொனால்டுக்கு எதிரே நிற்பவர்களுக்கு நடுவே ஒரு சந்து: ஸ்னாப் ஆனதும் அதில் புகுந்து கலைத்துவிட வேண்டும். பயிற்சியாளர் போ பெலினியின் நெப்ராஸ்கா அணியில் சூவுக்கு இரண்டு சந்து. எதிரே நிற்பவரை முதலில் கை நீளத்துக்குப் பிடித்து நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இடமோ வலமோ விலகலாம். ஒரு நொடி காத்திருந்துவிட்டு எடுத்த 12 சாக் அது. கூடவே அந்த சீசனில் மூன்று உதைகளைத் தடுத்திருக்கிறார். துணைக்கு ஜாரெட் கிரிக் 9.5 சாக்குடன் நின்றார் என்பதைக் கழித்த பிறகும், அந்த ஒரு சீசனுக்கு என் ஓட்டு சூவுக்கு. நூலிழைதான். டொனால்டின் ஆட்டங்களில் நாலாவது கால்பகுதி இடுப்பை இன்னும் கொஞ்சம் பார்க்கச் சொன்னால் பார்க்கத் தயார்.

நேரலையில் பழக விரும்பினால்: அமெரிக்கக் கிழக்கு நேரப்படி சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு பத்தரை. அதே கிழக்கு நேரத்தில் இரவு எட்டு மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை ஐந்தரை அல்லது ஆறரை, வயதானவர்களுக்கு இதுதான் தோது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் இந்த சீசனும் ஒரே மாதங்களில் வருவதால் இன்வெர்ட்டர் சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். டீயும் வர்க்கியும் வைத்துக்கொள்ளலாம், நோட்டை வர்க்கியிடமிருந்து தள்ளி வையுங்கள், எண்ணெய் ஏறிவிடும். ஆரம்பத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆள், அதிலும் ஒரு பாதி போதும். இணையத்தில் வரும் ஆட்டப் புள்ளிவிவரத்தை, உங்கள் பத்திகளைக் கூட்டி முடிக்கும் வரை திறக்காதீர்கள்.